பச்சோந்திக்குக் கண்ணாடியா, வலையா?

சிங்கப்பூரில் இருக்கிற எங்கள் குடும்பத்தில் பட்டிமன்றம் நடத்தாமல் எதையும் வாங்கியதில்லை. தீபாவளி முறுக்கை வீட்டில் சுடுவதா, தேக்கா சந்தையில் வாங்குவதா என்பதற்குக்கூட இரண்டு அணி உண்டு, ஒரு நடுவர் உண்டு. நடுவர் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, செம்பவாங்கில் இருக்கிறார், தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். ஓய்வு பெற்றது சம்பளத்திலிருந்துதான், தீர்ப்புச் சொல்வதிலிருந்து இல்லை. பேத்திக்கு எந்தப் பள்ளி, ஹாலுக்கு எந்தத் திரைச்சீலை என்று எதைக் கேட்டாலும் "இரு தரப்பையும் கேட்போம்" என்றுதான் ஆரம்பிப்பார்.

எதிரணி எப்போதும் கிளமெண்டியில் இருக்கும் என் தம்பி. கணினி வேலை பார்க்கிறான். எதற்கு எதிர் என்பதை வந்து உட்கார்ந்து ஒரு காபி குடித்த பிறகுதான் விசாரிப்பான். எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவான், தோற்றாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான்.

இப்படிப்பட்ட குடும்பம் ஒரு பச்சோந்தி வளர்ப்பது என்று இறங்கினால் சும்மா இருக்குமா? அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதா, வலைக்கூண்டில் வைப்பதா என்று மாதக்கணக்கில் பேசினோம். பட்டிமன்றத்தில் ஒரு வசதி என்னவென்றால், அணி பிரிந்த பிறகு தலைப்பே சரிதானா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் நடுவருக்கு மரியாதைக் குறைவு. அதனால் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆரம்பம் என் வீட்டுக்காரரின் வேலை போனதுதான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கப்பல் பட்டறையில் இருந்தவர். அவருடைய அப்பாவும் செம்பவாங்கில் கப்பல் வேலைதான் பார்த்தார். பட்டறையில் ஆட்களைக் குறைத்தபோது இவரையும் குறைத்தார்கள். கையில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். நேரம் பார்க்கவேண்டிய அவசியமெல்லாம் தீர்ந்த மனிதனுக்குக் கடிகாரம் கொடுக்கவேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றியதோ. அதை ஆங் மோ கியோ வீட்டு ஹாலில் மாட்டிவிட்டு, அதன் கீழேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எதிர் அடுக்குமாடி புளோக்கில் யார் வீட்டுத் துணி காய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் அதுவும் வராது.

நான் ஒரு பல் மருத்துவமனையில் கவுண்டரில் உட்காருகிறவள். நாள் முழுவதும் வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களைச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கேயும் ஒரு வாய் மூடியே இருக்கும். மகனும் அந்த வருஷம்தான் மான்செஸ்டருக்குப் படிக்கப் போயிருந்தான். வீட்டில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர். வந்ததும் டிவியைப் போடுவேன். சமைப்பேன். "சாப்பாடு மேசை மேல இருக்கு" என்பேன். அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். அவ்வளவுதான் குடும்பம்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போடுகிற புருஷனோடு வாழலாம், குடிக்கிற புருஷனோடுகூட எங்கள் புளோக்கில் நாலு பேர் வாழத்தான் செய்கிறார்கள். மீதிக் காலம் முழுவதும் இந்த மனிதர் இப்படியே இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற நினைப்பு வரும். அந்த நேரத்தில் டிவி சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வீடியோவில் வந்தான். அவனோடு தங்கியிருக்கும் பையன் ஒரு பச்சோந்தி வளர்க்கிறானாம். போனைத் திருப்பிக் காட்டினான். உள்ளங்கை அகலத்தில் பச்சையாக ஒன்று, குச்சியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணால் எங்களையும் இன்னொரு கண்ணால் மேலேயிருந்த விளக்கையும் பார்த்துக்கொண்டிருந்தது. நாற்காலியிலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"அது எதுக்குடா கண்ணாடிக்குள்ள இருக்கு? மூச்சு முட்டாது?"

பல மாதங்களில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

"இங்க குளிர்ப்பா. கண்ணாடின்னாதான் சூடும் ஈரமும் உள்ளேயே நிக்கும். வலைன்னா ஹீட்டர்ல காஞ்சுடும்."

"உங்க ஊருக்கு அது சரி. நம்ம ஊருக்கு ஆகாது. காத்து ஓடணும். கப்பல் டேங்குக்குள்ள வெல்டிங் பண்ணப் போறவனையே காத்தடிக்கிற ப்ளோவர் போடாம நாங்க இறக்க மாட்டோம், தெரியுமில்ல?"

"அப்ப நீங்களே ஒண்ணு வாங்கி வளத்துப் பாருங்கப்பா" என்று மகன் சிரித்தான். அவன் விளையாட்டாகச் சொன்னது. மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, இந்த மனிதர் மேசையில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கூண்டு வரைந்துகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் நான் டிவியைப் போட்ட கொஞ்ச நேரத்தில், கேட்காமலே பேசினார். பச்சோந்தி கிண்ணத்தில் வைத்த தண்ணீரைக் குடிக்காதாம். இலையில் சொட்டாக நின்றால்தான் அதற்கு அது தண்ணீர் என்று தெரியுமாம். கையில் எடுத்துக் கொஞ்சினால் பிடிக்காதாம். நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

"கண்ணாடியில வேற ஒரு கஷ்டம் இருக்கு. தன்னோட முகத்தையே பாத்துட்டு, வேற ஒருத்தன் வந்துட்டான்னு நினைச்சுக் கறுத்துப்போயிடுமாம்."

"உங்க அக்காவுக்கு எதிர்ல இன்னொரு நடுவரை உக்கார வச்ச மாதிரி" என்றேன்.

சிரித்துவிட்டார். சிரித்தால் அவருக்கு மேல் வரிசையில் ஓரத்துப் பல் ஒன்று தெரியும். அதைச் சரிசெய்துகொள்ளச் சொல்லி எங்கள் மருத்துவரிடம் இலவசமாக நேரம் வாங்கிக் கொடுத்தும் வராதவர். அந்தப் பல்லைப் பார்த்து அவ்வளவு நாளாகிவிட்டதே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விஷயம் குடும்ப வாட்ஸ்அப்புக்குப் போனது. நாத்தனார் உடனே தலைப்பு அறிவித்தார். வலை அணிக்குத் தலைவர் என் வீட்டுக்காரர், அவருக்குத் துணை நான். கண்ணாடி அணிக்கு என் தம்பி. அவன் சும்மா சொல்லக்கூடாது, விழுந்து விழுந்து படித்துவிட்டு வந்தான்.

"மாமா, உங்க ஹால்ல ராத்திரி பகலா ஏர்கான் ஓடுது. வலைக்கூண்டுன்னா ஈரம் மொத்தமும் போயிடும் லா. அப்புறம் நீங்க தெளிக்கிற தண்ணி தரையெல்லாம் ஓடும். தட்டு வச்சுப் பிடிச்சீங்கன்னா, தண்ணி தேங்கி கொசு வரும். கொசு செக் பண்ண வர்றவங்க பாத்தா ஃபைன்!"

இவர் விடுவாரா? தேங்கிய காற்றில் ஈரமும் சேர்ந்தால் பச்சோந்திக்கு நெஞ்சில் சளி கட்டும், அதுதான் அதற்கு எமன் என்றார். தண்ணீர்த் தட்டுக்கு ஒரு குழாய் போட்டுச் சமையலறைப் பக்கம் திருப்பிவிடுவதாகப் படம் வரைந்து குழுவில் போட்டார். கொசு விஷயத்தில் அபராதம் வரக்கூடாது என்பதில் இரண்டு அணியும் ஒற்றுமையாக இருந்தன. சட்டத்துக்கு அவ்வளவு பயப்படுகிற குடும்பம் எங்களுடையது.

தேக்காவுக்கு என்னோடு வர ஆரம்பித்தார். முன்பெல்லாம் மீன் வாங்க நான் மட்டும் போய்வருவேன். இப்போது நான் மீனுக்கு நிற்கும்போது இவர் பூக்கடைகளைத் தாண்டிப் போய்ச் செடி பார்ப்பார். மணி பிளாண்ட் சரி, செம்பருத்தி சரி, பாலுள்ள செடி கூடாது என்று கடைக்காரரிடம் விளக்கம் வேறு. வலை வாங்கப் போன கடையில் "ஜன்னலுக்கா சார்?" என்று கேட்ட, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த பையனிடம், பச்சோந்தியின் நகம் மாட்டிக்கொள்ளாத வலை வேண்டும் என்றார். அந்தப் பையன் மரியாதையாக என்னைப் பார்த்தான். நானும் அவனை மரியாதையாகவே பார்த்தேன்.

பச்சோந்திக்கு உணவு கிரிக்கெட் என்கிற உயிருள்ள சிள்வண்டுப் பூச்சி. என் மருத்துவமனைக்குப் பின்னால் பாட்டுப் பறவைகளுக்குத் தீனி விற்கும் ஒரு சீனத் தாத்தா கடை வைத்திருக்கிறார். பூச்சி விலை கேட்டுவைப்போம் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனேன்.

"என்ன பர்ட் ஆன்ட்டி?"

"பர்ட் இல்ல அங்கிள். கமீலியன்."

பூச்சி டப்பாவை எடுத்த கை அப்படியே நின்றது. கடைக்கு வெளியே இரண்டு பக்கமும் பார்த்தார். "கமீலியன் கேனாட் லா, ஆன்ட்டி! சிங்கப்பூர் கேனாட்! பிடிச்சா ஃபைன், ஜெயில்கூட போகலாம். நீ யார்கிட்டயும் சொல்லாத, நானும் கேக்கலை."

திரும்பி வந்து கவுண்டர் கம்ப்யூட்டரில் பார்த்தேன். தாத்தா சொன்னது உண்மைதான். இந்த ஊரில் வீட்டில் ஆமை வளர்க்கலாம், அதிலும் சில வகை. பச்சோந்தி, கண்ணாடியிலும் கூடாது, வலையிலும் கூடாது. கொசு வளர்ந்துவிடுமே என்று பயந்து குழாய் வரை வரைந்துவிட்டோம், வளர்க்கப்போகிற பிராணியைப் பற்றி விசாரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும்தான் அவர் நினைப்பு வந்தது. இதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் ஸ்கேலை வைத்துவிட்டு மறுபடி கடிகாரத்தின் கீழே போய் உட்கார்ந்துவிடுவார்.

சாயங்காலம் கதவைத் திறந்தவர் கையில் அளவு டேப். "கிரிக்கெட் கிடைச்சுதா?"

"ஸ்டாக் இல்லையாம்" என்றேன்.

அன்றிலிருந்து என் கவலையெல்லாம் ஒன்றுதான். பட்டிமன்றம் முடியக்கூடாது. தீர்ப்பு வந்துவிட்டால் அடுத்த வேலை பச்சோந்தியை வாங்குவது. ஆனால் வலை அணி ஜெயித்துக்கொண்டிருந்தது. தம்பி ஒருவனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் நான் கண்ணாடி அணிக்குத் தாவினேன்.

குழுவில் தம்பி, "பச்சோந்தியை வாங்குறதுக்கு முன்னாடியே அக்கா நிறம் மாற ஆரம்பிச்சிடுச்சு" என்று எழுதினான். நாத்தனார் கட்சி மாறுவது மரபல்ல என்றார். என் வீட்டுக்காரர் நேராகச் சமையலறை வாசலுக்கே வந்து நின்றார்.

"நேத்து வரைக்கும் என் பக்கம் இருந்தே."

"நேத்து வரைக்கும் யோசிக்கலை. உங்க வலையில நகம் மாட்டினா கால் போயிடாதா? பூச்சி வெளியே குதிச்சா கீழ்வீட்டு அம்மா நம்மளைச் சும்மா விடுவாங்களா?"

"பூச்சு போட்ட வலைன்னா நகம் மாட்டாது. பூச்சியைக் கப்புல வச்சுக் குடுத்தா எப்படிக் குதிக்கும்?"

"மேல மட்டும் வலை, சுத்தி கண்ணாடி. அப்ப காத்தும் வரும், ஈரமும் நிக்கும். என்ன சொல்றீங்க?"

"மேல மட்டும் திறந்தா காத்து எப்படி ஓடும்? கீழ ஒரு வழி வேணாமா? பட்டறையில உன்னை ஒரு நாள் டேங்குக்குள்ள இறக்கிவிட்டாத்தான் தெரியும்."

இப்படியே தினமும் நடந்தது. சீரியலில் யார் யாரை விஷம் வைத்துக் கொல்லப் பார்த்தார்கள் என்பதைத் தொடரவே முடியவில்லை. நான் கவுண்டரில் நோயாளி இல்லாத நேரத்தில் கண்ணாடிப் பெட்டிகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்து பேசுவேன். சில நாள் விஷயம் தீர்ந்து நான் தடுமாறும்போது, அவரே எனக்கு ஒரு பாயிண்ட் எடுத்துக்கொடுப்பார். "ஏர்கானை மறந்துட்டியே" என்பார். நானும் ஏர்கானைப் பிடித்துக்கொண்டு மேலே பேசுவேன். எதிரணிக்கே எடுத்துக்கொடுக்கிற பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு சந்தோஷமாகச் சண்டை போட்டேன்.

ஆனால் நடுவர் என்று ஒருவர் இருந்தால் தீர்ப்பு என்று ஒன்று வந்துதானே ஆகவேண்டும். நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பிரியாணி தயாராவதற்குள் முடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, பிரியாணி ஆறிப்போகும்வரை பேசினார். கண்ணாடி அணியும் நன்றாகப் பேசியது, வலை அணியும் நன்றாகப் பேசியது என்று இரண்டு பக்கமும் தடவிக்கொடுத்துவிட்டு, கடைசியில் குரலை உயர்த்தினார்.

"காற்றே ஈரமாக இருக்கிற ஊரில், ஈரத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பானேன்? ஆகவே, வலையே!"

எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"சரிடா தம்பி, அடுத்த வாரமே வாங்கிடு. எங்க விக்கிறாங்க அதை?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார் நாத்தனார்.

தம்பி முட்டையைத் தேடி பிரியாணியைக் கிளறினான். அவன் தட்டில் முட்டை மேலேயேதான் இருந்தது.

"முதல்ல கூண்டு ரெடியாகட்டும்க்கா. வீடு கட்டாம யாரையாவது குடிவைப்பாங்களா?" என்றார் என் வீட்டுக்காரர். அதுவும் நியாயம்தான் என்று நாத்தனார் ஒப்புக்கொண்டார். கூண்டை எந்தத் திசை பார்த்து வைப்பது என்று பேச்சு மாறியது. எனக்கு மூச்சு வந்தது.

கூண்டை அவர் அவசரப்படாமல் கட்டினார். வராந்தாவில் உட்கார்ந்து அலுமினியச் சட்டம் அறுத்தார். கறுப்பு வலையைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டினார். என் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. உள்ளே செம்பருத்தி, மணி பிளாண்ட், குறுக்கும் நெடுக்கும் குச்சிகள், இலைமேல் சொட்டுகிற மாதிரி ஒரு பாட்டில். முடிந்ததும் உள்ளே ஒரு ஊதுபத்தி ஏற்றிவைத்து, புகை எந்தப் பக்கம் போகிறது என்று குனிந்து பார்த்தார். பட்டறையில் டேங்குக்குக் காற்றோட்டம் பார்த்த பழக்கம். புகைப்படத்தைக் குழுவில் போட்டபோது நாத்தனார், ஊதுபத்தியைப் பார்த்துவிட்டு, நல்ல காரியம், பூஜை போட்டுத்தான் ஆரம்பிக்கணும் என்று எழுதினார்.

நான் பார்த்த கூண்டுகளிலேயே அழகானது அதுதான். அதில் ஒன்றே ஒன்றுதான் குறை. இனித் தள்ளிப்போட எதுவும் மிச்சமில்லை, ஒரு ஆணிகூட இல்லை. ஒரு சாயங்காலம் பையைக்கூடக் கீழே வைக்காமல் சொல்லிவிட்டேன்.

"அதை வாங்க முடியாதுங்க. இந்த ஊர்ல வளர்க்கவே கூடாது."

செம்பருத்திக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை.

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேருந்து?"

"குரூப்ல தலைப்பு போட்ட அன்னிக்கே உன் தம்பி போன் பண்ணிச் சொல்லிட்டான். உன்கிட்ட சொல்லாதேன்னு நான்தான் அவனைத் தடுத்தேன். நீ கண்ணாடிப் பக்கம் பேசிக்கிட்டே இரு, சீக்கிரம் தோத்துடாதேன்னும் அவன்கிட்ட சொன்னேன்."

அந்தப் பறவைக் கடையிலிருந்து நான் தனியாகச் சுமந்து வந்ததெல்லாம் என் கண் முன்னால் வந்தது. "அப்புறம் எதுக்கு இவ்வளவு கூத்து? என்னை வச்சு வேடிக்கை பாத்தீங்களா?"

அப்போதுதான் தெளிப்பானைக் கீழே வைத்தார்.

"வேலை போனதிலேருந்து நீ என்கூடப் பேசறதே இல்லை. வருவே, டிவியைப் போடுவே, சாப்பாடு மேசை மேல இருக்கும்பே. சத்தத்தை வேற கூட்டி வைப்பே. என்மேல கோவம்னு நினைச்சேன். வேலையில்லாதவன்கிட்ட பேச என்ன இருக்கும்னு நானும் வாயை மூடிக்கிட்டு உக்காந்துட்டேன். அன்னிக்குப் பச்சோந்தின்னு சொன்னதும் நீ டிவி சத்தத்தைக் குறைச்சே. அதை எப்படி விடறது?"

நானா பேசவில்லை? இவர் வாய் திறக்கவில்லை என்று ஊரிலிருக்கிற தெய்வத்திடமெல்லாம் நான் முறையிட்டுக்கொண்டிருந்தேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்து அதே குறையை என்மேல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபத்தைத்தான் முதலில் எடுத்தேன். "முதல்ல பேச்சை நிறுத்தினது யாரு? நீங்கதானே?" என்று ஆரம்பித்தேன். "நீதான்" என்றார். அந்தப் பட்டிமன்றம் இன்றுவரை முடியவில்லை. அதற்கு நாத்தனாரைக் கூப்பிடுவதில்லை என்று மட்டும் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம்.

நாத்தனாரிடம் சட்டம் மாறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தோம். கூண்டு ஹாலிலேயே நிற்கிறது. செம்பருத்தி நன்றாகப் பூக்கிறது, சாமிக்கு எடுக்கிறேன். அப்படிப் பூ எடுக்கப்போன ஒரு காலையில் உள்ளே ஒரு பல்லியைப் பார்த்தோம். யாரிடமும் அனுமதி கேட்காமல், கூண்டுக் கதவின் இடுக்கு வழியாக வந்து, பச்சோந்திக்குப் போட்ட குச்சியில் பச்சோந்தி மாதிரியே உட்கார்ந்திருந்தது. கதவைத் திறந்தே வைக்கவேண்டும், அது வந்துபோகட்டும் என்றார் அவர். மூடவேண்டும், இல்லாவிட்டால் அது சமையலறைக்கு வரும் என்றேன் நான். வேலை முடிந்து வந்ததும் நான் மூடுவேன், அவர் திறப்பார், அதன்மேல் பேச்சு வளர்ந்து சாப்பாடு ஆறிப்போகும்.

அந்தப் பல்லி எப்போதோ போய்விட்டது. அது போனதை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். கதவைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்று நேற்றுக்கூடப் பேசினோம்.